இரவு உணவும் இல்லத்து இணக்கமும்

பகல் உணவை நம்மவர் பலரும் இன்று தனித்தனியே உண்கின்றனர். பிள்ளைகள் பள்ளியில் உண்கின்றனர். பணிக்குச் செல்வோர் பணியிடத்தில் தூக்குப் பாத்திரத்தைத் திறக்கின்றனர். காலை உணவோ பாதி நின்றுகொண்டும் பாதி நடந்துகொண்டும் விழுங்கப்படுகிறது. இல்லத்தார் அனைவரும் ஒரு விரிப்பில் அமர்ந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உண்ணும் வேளை ஒன்றே ஒன்றுதான் எஞ்சியுள்ளது. அஃது இரவு வேளை. அந்த ஒரு வேளையும் சலித்துப்போனால் குடும்பம் கூடி அமர்வதற்கு வேறு என்ன வாய்ப்பு இருக்கிறது?

மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழும் கற்பித்து வரும் ஒருவர் சமையலைப் பற்றி எழுதப் புகுவதா என்று நேயர்கள் சிலர் புன்முறுவல் செய்யக்கூடும். அடுப்பங்கரையில் நிகழ்வது அடுப்பங்கரையோடு முடிந்துவிடுவதில்லை என்பதே அவர்களுக்கு நம் விடை.

நாம் வாழும் தாராபுரம் அமராவதி ஆற்றங்கரை ஊர். 2009ஆம் ஆண்டு திருப்பூர் மாவட்டம் அமைந்தபோது அதில் சேர்க்கப்பட்டது. ஆனால் அதற்கு நெடுநாள் முன்பே நம் வீடுகளின் நேரத்தைத் திருப்பூர்ப் பனியன் கம்பெனிகள் வகுக்கத் தொடங்கிவிட்டன. விடிந்து சற்று நேரத்திற்கெல்லாம் தெருமுனையில் கம்பெனி வேன் வந்து நிற்கும். ஏறத்தாழ 50 கிலோமீட்டர் பயணம். ஒரு ஷிப்ட் மட்டும் பார்ப்பவர் மாலை ஏழு மணியளவில் வீடு திரும்புவார். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர் வந்து சேரும்போது இரவு ஒன்பதரையைக் கடந்துவிடும். நம் மகன் கட்டிங் பகுதியில் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பவர். மருமகள் செக்கிங் பகுதியில் ஒரு ஷிப்ட். இத்தகைய வீட்டில் இரவு உணவு எப்படி இருக்கும் என்பதை இப்பகுதியில் வாழ்வோருக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. ஞாயிறன்று மாவு அரைத்துக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துவிட்டால் அடுத்த வெள்ளி வரை கவலையில்லை. திங்கள் இட்லி, செவ்வாய் தோசை, புதன் தோசை, வியாழன் மீண்டும் தோசை!

இந்த மாவு ஆட்சி எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தால் அதற்கும் ஒரு வரலாறு உண்டு. நாம் சிறுவராயிருந்தபோது இட்லி என்பது பெருநாளன்றும் விருந்தினர் வரும் நாளன்றும் கிடைக்கும் பண்டம். ஆட்டுக்கல்லில் மாவரைக்கும் பாடு அத்தகையது. 2011 ஜூன் முதல் தமிழகத்து நியாயவிலைக் கடைகளில் அரிசி விலையின்றி வழங்கப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பரில் அரசு மிக்சியும் கிரைண்டரும் மின்விசிறியும் வழங்கத் தொடங்கிற்று. அரிசியும் வந்தது, அரைக்கும் கருவியும் வந்தது. பெண்களின் தோள்வலியைப் பெரிதும் குறைத்த ஏற்பாடு இது. அதை நாம் குறை கூறப்போவதில்லை. ஆயினும், அரிதாயிருந்தது எளிதாகி, எளிதானது நாள்தோறும் வரலாயிற்று. மறுபுறம், கம்பும் சோளமும் விளைந்த மானாவாரிக் காடுகள் பலவற்றில் இன்று கோழித் தீவனத்துக்கான மக்காச்சோளம் நிற்கிறது. வயலில் மாறியது தட்டிலும் மாறிவிட்டது.

இதன் விளைவை ஒருநாள் நம் மருமகள் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். "மாமா, கம்பெனியில நாள் பூரா ஒரே தையலத்தானுங்க பார்க்கறேன், வீட்டுக்கு வந்தா ஒரே மாவு" என்றார். சிரித்துக்கொண்டே சொன்னாலும் அதில் சிரிப்புக்கு இடமில்லை. மகனோ ஒன்றும் சொல்லவில்லை. வேன் நிற்குமிடத்துக்கு எதிரேயுள்ள கடையில் இரண்டு பரோட்டாவைத் தின்றுவிட்டு வந்து, "பசிக்கலைம்மா" என்று கூறிப் படுக்கத் தொடங்கினார். வாரத்தில் ஒருநாள் என்றிருந்தது மூன்று நாளாயிற்று. ஆறு வயதுப் பேரன் தன் அத்தாவுக்காகக் கண் விழித்துக் காத்திருந்து, அவர் உண்ண அமராததைக் கண்டு, தானும் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தான். பரோட்டாவுக்கு ஆகும் காசு பெரிதன்று. விரிப்பில் ஓர் இடம் காலியாகிறதே, அதுதான் பெரிது.

மாற்றுச் சுவையை விரும்புவது மனித இயல்பு. திருமறையின் பகரா அத்தியாயத்தில் இஸ்ரவேலரின் செய்தி ஒன்று வருகிறது. பாலைவெளியில் மன்னும் ஸல்வாவும் உழைப்பின்றிக் கிடைத்துக்கொண்டிருந்தும், ஒரே உணவில் அவர்கள் சலிப்புற்று, கீரையையும் வெள்ளரியையும் பருப்பையும் வெங்காயத்தையும் கேட்டனர். அப்பட்டியலில் 'ஃபூம்' என்றொரு சொல் உண்டு. அது கோதுமை என்பாரும் பூண்டு என்பாருமாக விரிவுரையாளர் இரு திறத்தார். எதுவாயினும், நம் அடுக்களைச் சாமான்களே அவை. அங்கே எழுந்த கண்டனம், மேலானதைக் கொடுத்துத் தாழ்ந்ததை வாங்க முற்பட்டதைக் குறித்தது. வீட்டு விரிப்பைக் கொடுத்துவிட்டுக் கடைப் பலகையை வாங்கும் நம் பிள்ளைகளுக்கும் அச்செய்தியில் ஒரு பாடம் உண்டு. ஆனால் பிள்ளைகளைக் கண்டிப்பதற்கு முன், விரிப்பில் என்ன வைத்தோம் என்பதையும் பெரியவர்கள் பார்க்க வேண்டும்.

இங்கே அரபி மொழியின் ஒரு சொல் நமக்குத் துணை நிற்கிறது. ரொட்டியோடு தொட்டுக்கொள்ளும் எதனையும் அம்மொழியில் 'இதாம்' என்பர். நம் வீடுகளில் ஆணம் என்றும், பிற வீடுகளில் குழம்பு, துவையல், பொடி, கடைசல் என்றும் வழங்குவன யாவும் இதாமே. பெருமானார் (ஸல்) அவர்கள் இல்லத்தில் ஒருமுறை இதாம் வேண்டுமென்று கேட்டபோது காடியைத் தவிர வேறில்லை என்றனர். அதையே கொண்டுவரச் செய்து, அதனைச் சிறந்த இதாமெனப் பாராட்டி உண்டார்கள் என்பது ஜாபிர் (ரலி) வழி வந்த செய்தி. இச்சொல்லின் வேருக்கு இணக்கம் செய்தல் என்னும் பொருளும் உண்டு. மணம் பேசும் ஆடவர் பெண்ணைப் பார்த்துக்கொள்ளட்டும், அதனால் இருவரிடையே இணக்கம் நிலைக்கும் என்று அறிவுறுத்தும் நபிமொழியிலும் இதே வேர்ச்சொல் ஆளப்பட்டுள்ளது. வறண்ட ரொட்டியை வாயோடு இணங்கச் செய்வது இதாம். இல்லத்தாரை ஒருவரோடொருவர் இணங்கச் செய்வதும் அதுவே என்று கொண்டால் தவறாகாது.

ஆகவே வாரம் முழுவதும் புதுப்புது உணவைத் தேடி அலைய வேண்டுவதில்லை. மூன்று சிறு விதிகள் போதும். தொட்டுக்கொள்வதை நாள்தோறும் மாற்றுவது. தானியத்தை வாரத்தில் மும்முறையேனும் மாற்றுவது. மென்று தின்ன ஏதேனும் ஒன்று எந்நாளும் இருக்கச் செய்வது. மூன்றாவது விதி பழந்தமிழரிடம் கற்றது. உண்பன, தின்பன, பருகுவன, நக்குவன என உணவை நால்வகையாகப் பகுத்தனர் நம் முன்னோர். மென்மையான இட்லியை மென்மையான சாம்பாரில் தோய்த்து உண்ணும்போது பல்லுக்கு வேலையே இல்லை. அதனருகே ஒரு சுண்டலோ, நறுக்கிய வெள்ளரியோ, ஒரு பணியாரமோ இருந்தால் அதே இட்லி வேறு உணவாகிவிடுகிறது.

இவ்விதிகளின்படி நம் இல்லத்தில் வகுத்துக்கொண்ட வாரத்தைக் கூறுவோம்.

திங்களன்று புதுமாவில் இட்லி. தொட்டுக்கொள்ள, எலும்பில்லாத் தால்சா. தால்சா என்றாலே பிரியாணி நாளுக்குரியது என்று எண்ணிவிடுகிறோம். துவரம்பருப்பை வேகவைத்து, கத்தரிக்காயும் சுரைக்காயும் மாங்காய்த் துண்டும் இட்டு, சிறிது புளி கரைத்து, பட்டை சோம்பு தாளித்தால் இறைச்சியின்றியே தால்சாவின் மணம் வீடு நிறைகிறது. கறியில்லாத நாளில் கறிநாளின் நினைவைத் தருவது அது.

செவ்வாயன்று கொங்கு நாட்டார் 'அரிசிம்பருப்பு' என வழங்கும் சோறு. இரண்டு பங்கு அரிசிக்கு ஒரு பங்கு துவரம்பருப்பு. எண்ணெயில் சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாய், தக்காளி, மிளகு சீரகம் ஆகியவற்றை வதக்கி, அரிசியையும் பருப்பையும் ஒன்றாகக் குக்கரில் இட்டால் அரை மணியில் வேலை முடிந்தது. மேலே சிறிது நெய். பக்கத்தில் அப்பளமும் தயிரும். இதை ஏழைச் சோறு என்று எவரும் தாழ்த்த வேண்டாம். 14ஆம் நூற்றாண்டில் இந்தியாவுக்கு வந்த இப்னு பதூதா, பாசிப்பயறும் அரிசியும் சேர்த்துச் சமைத்து நெய்யிட்டு உண்ணும் 'கிஷ்ரி'யைத் தம் பயண நூலில் குறித்துள்ளார். 1226இல் பக்தாதில் தொகுக்கப்பட்ட 'கிதாபுத் தபீக்' என்னும் சமையல் நூலில் அரிசியும் மைசூர்ப் பருப்பும் சேர்ந்த 'முஜத்தரா' இடம்பெற்றுள்ளது. எகிப்தியரின் தெருக்கடைகளில் இன்றும் விற்கும் 'குஷரி'யும் இக்குடும்பத்ததே. அரிசியின் புரதத்தில் குறைவாக உள்ள கூறு பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவானது அரிசியில் உண்டு. ஆதலின் இவை இரண்டும் ஒரு பாத்திரத்தில் கூடுவது நாவுக்கு மட்டுமன்றி உடலுக்கும் உகந்தது.

புதனன்று கொள்ளு. காலையில் வேனுக்குப் புறப்படுமுன் ஊறப்போட்டுவிட்டால் மாலையில் குக்கரில் எளிதாக வெந்துவிடும். வடித்த நீரில் புளியும் மிளகும் சீரகமும் பூண்டும் சேர்த்தால் ரசம். வெந்த கொள்ளைச் சின்ன வெங்காயம், மிளகாய், கொத்தமல்லி விதையோடு வதக்கிக் கடைந்தால் கடைசல். ஒரு கொதியில் இரண்டு இதாம்! இதனோடு சோறும் ஆகும். ராகிக் களியும் ஆகும். களியை விரும்பாத சிறுவருக்கு அதே ராகி மாவில் முருங்கைக்கீரையும் வெங்காயமும் பிசைந்து அடை தட்டிக் கொடுக்கலாம். மூலனூர்ப் பக்கம் முருங்கைக்குப் பெயர் பெற்ற பகுதியாதலின் நம் ஊரில் கீரைக்குப் பஞ்சமில்லை. 100 கிராம் கொள்ளில் ஏறத்தாழ 22 கிராம் புரதம் உண்டு. 100 கிராம் ராகியில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உண்டு, தீட்டிய அரிசியிலோ அது 10 மில்லிகிராமைச் சுற்றியே நிற்கிறது. ஐக்கிய நாடுகள் அவை 2023ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தபோதுதான் நகரத்தார் ராகியை வியந்து நோக்கினர். நம் பாட்டிமாருக்கு ஆண்டு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

வியாழன் மாலை, நம் வழக்கில் வெள்ளி இரவு. அன்று சந்தகை. ஊறிய அரிசியை அரைத்து, இட்லியாக அவித்து, சூடாறுமுன் சந்தகை உரலில் இட்டுப் பிழிய வேண்டும். பிழிவதற்குக் கை வலு வேண்டும். அப்பணி வீட்டு ஆண்களுக்குரியது என்று நாமே முன்வந்து ஏற்றுக்கொண்டோம். பாதிச் சந்தகைக்கு முட்டை ஆணம்; மறுபாதிக்குத் தேங்காய்ப் பாலும் வெல்லமும். ஒரே உணவில் காரமும் இனிப்பும் கிடைப்பதால் பேரன் அன்று அழைப்பதற்கு முன்பே விரிப்பில் அமர்ந்துவிடுகிறான்.

வெள்ளியன்று நண்பகலில் கறியும் சோறும் உண்ட வயிற்றுக்கு இரவில் எளிய உணவே ஏற்றது. ஆதலின் கஞ்சி. நோன்புக் கஞ்சியை ரமலானுக்கு மட்டும் உரியதாக ஒதுக்கி வைத்துவிட்டு, ஏனைய பதினொரு மாதமும் அதன் நினைவிலேயே வாழ்வானேன்? நொய்யரிசி, பாசிப்பருப்பு, சிறிது வெந்தயம், பூண்டு, இஞ்சி, புதினா, கையில் கிடைத்த காய் ஆகியவற்றை ஒன்றாக வேகவைத்து இறுதியில் தேங்காய்ப் பால் விட்டால் போதும். அருகே புதினாத் துவையல். ஞாயிற்றுக்கிழமை மாவின் மிச்சம் இதற்குள் புளித்திருக்கும். அதில் வெங்காயமும் தேங்காய்ப் பல்லும் தாளித்துக் கொட்டிப் பணியாரம் சுட்டால், கஞ்சிக்கு வடை இல்லாத குறையை அது தீர்க்கிறது. புளிப்பு தோசைக்குக் குற்றம்; பணியாரத்துக்குக் குணம்.

சனிக்கிழமை பனியன் கம்பெனியில் சம்பள நாள். அன்று என்ன வேண்டுமென்று உழைத்து வருபவர்களே சொல்லட்டும் என்று விட்டுவிட்டோம். பரோட்டாவே வேண்டுமென்றாலும் சரி; வாங்கி வந்து வீட்டு விரிப்பில் வைத்து, வீட்டில் வைத்த ஆணத்தோடு எல்லாரும் சேர்ந்து உண்பது என்பதே உடன்பாடு. ஞாயிறு காலை அரைமணி நேரம் ஒதுக்கி, பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கறிவேப்பிலைப் பொடி ஆகியவற்றுள் இரண்டை வறுத்துப் பொடித்து வைத்துவிடுகிறோம். எந்த ஏற்பாடும் கைகூடாத இரவில் சூடான சோறும் பொடியும் நல்லெண்ணெயும் மானத்தைக் காக்கும்.

இவ்வளவும் கூறியபின் ஒன்றைக் கூறாதுவிட்டால் இக்கட்டுரை முழுமை பெறாது. இப்பட்டியலைப் பற்றிப் பேச்செடுத்தபோது நம் இல்லத்தரசி முதலில் மகிழவில்லை. "மாத்திச் செய்ய எனக்கு ஆசையில்லைங்களா? அடுப்புக்கிட்ட யாரு நிக்கறது?" என்று கேட்டார். முழங்கால் வலியோடு நிற்பவரின் கேள்வி அது. வகைவகையான உணவு வேண்டுமென்று ஆண்கள் கேட்பதும், அதற்கான உழைப்பு முழுவதும் பெண்கள்மீது விழுவதும் நீதியாகாது. சலிப்பு உண்பவருக்கு மட்டுமா? நாள்தோறும் ஒன்றையே சுடுபவருக்கும் உண்டன்றோ!

எனவே உணவைப் பகிர்வதற்கு முன் வேலையைப் பகிர்ந்துகொண்டோம். மக்ரிப் தொழுகைக்குப் பின் வெங்காயம் உரிப்பதும் காய் நறுக்குவதும் நம் பொறுப்பு. காலையில் கொள்ளும் பயறும் ஊறப்போடுவது மகன் கடமை. வேனுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அது முடிந்துவிடுகிறது. மருமகள் வந்ததும் அடுப்பை ஏற்காமல் முதலில் அரைமணி அமர்ந்து தேநீர் அருந்துவது என்பதும் பட்டியலில் ஒரு விதியே. விரிப்பதும் தண்ணீர் வைப்பதும் பேரன் வேலை. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டிலிருக்கும்போது வீட்டு வேலைகளில் பங்குகொண்டார்கள் என்று அன்னை ஆயிஷா (ரலி) கூறிய செய்தியைப் பாடமாக ஓதிக்கொடுக்கும் நாம், வெங்காயம் உரிக்க வெட்கப்படலாகாது.

நாற்பதைக் கடந்த நேயர்களுக்கு உடல்நலத்தைக் குறித்தும் ஒரு சொல். 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவுடையோர் 10 கோடிக்கும் மேல் என்று கணித்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, நாளொன்றுக்கு 2000 கலோரி தேவைப்படும் ஒருவருக்குத் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறி 400 கிராம் என அளவு காட்டுகிறது. காய்கறியின் எடை தானியத்தின் எடையை விஞ்சி நிற்பதைக் காண்க. நம் தட்டிலோ தானியம் மலைபோலவும் காய் மணல்போலவும் கிடக்கின்றன. தொட்டுக்கொள்வதைப் பெருக்கினால் தானியம் தானே சுருங்கும். சுவைக்காகச் செய்த மாற்றம் உடலுக்கும் காவலாக அமைகிறது.

இதனால் எல்லாம் மாறிவிட்டது என்று நாம் பெருமை பேசவில்லை. ஏற்றுமதிச் சரக்கு அனுப்பும் அவசர நாட்களில் பட்டியல் கவிழ்ந்து மீண்டும் தோசையே வருவதுண்டு. மகன் இன்னும் சில இரவுகள் கடை வாசலில் நிற்பதும் உண்டு. ஆனால் வேனில் ஏறியதும் தொலைபேசியில், "இன்னைக்கு என்னம்மா?" என்று கேட்கத் தொடங்கியிருக்கிறார். பதில் என்ன என்பது முன்கூட்டியே தெரியாதபோதுதானே ஒருவர் கேட்கிறார்! அக்கேள்வி நம் வீட்டில் நெடுநாளாகக் கேட்கப்படாமல் இருந்தது.

நேயர்களே, உண்பவர் பக்கமும் ஒரு கடமை உண்டு. பெருமானார் (ஸல்) அவர்கள் எந்த உணவையும் ஒருபோதும் குறை கூறியதில்லை; விருப்பமாயின் உண்டார்கள், இல்லையேல் விட்டுவிட்டார்கள். உப்புக் கூடிய நாளிலும் வாய் திறவாதிருப்பது, உப்புச் சரியாக அமைந்த நாளில் வாய் திறந்து பாராட்டுவது ஆகிய இரண்டும் சமைப்பவருக்கு நாம் அளிக்கும் கூலி. அக்கூலி தவறாது கிடைக்கும் வீட்டில் நாளை என்ன செய்யலாம் என்னும் எண்ணம் தானாகவே ஊறும்.

உங்கள் வீட்டு அடுக்களையிலும் பாட்டிமார் விட்டுச்சென்ற ஆணங்கள் பல இருக்கும். பெயர் மட்டும் நினைவில் நிற்க, செய்முறை மறந்தவையும் இருக்கும். வாரத்துக்கு ஒன்றை மீட்டெடுங்கள்; ஆணும் பெண்ணும் சேர்ந்து மீட்டெடுங்கள். இருவருக்கான உணவு மூவருக்குப் போதும் என்பது நபிமொழி தரும் நம்பிக்கை. அந்தப் போதுமை பானையின் அளவால் வருவதன்று, சுற்றி அமர்ந்தோர் நெருக்கத்தால் வருவது. நம் இல்லங்களின் இரவு விரிப்பில் எவர் இடமும் காலியாக இராதிருக்க எல்லாம் வல்ல இறைவன் அருள்வானாக.